எங்களுக்காக எங்களை மறித்தவர்கள்

எங்களை மறித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவதெல்லாம் கோபத்தில்தான் வரும். இடையில் இதைச் சொல்ல எனக்கு மனம் வராமல் போகலாம்.

நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. என்னோடு வந்த யாழினிக்கும் மதுசாவுக்கும் பதினெட்டு வயது. இருவரும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். கரப்பந்தாட்டத்தை அவர்கள் கடற்கரை மணலில்தான் பழகினார்கள், பள்ளிக்கூடத்தில் வேறு நல்ல தரை இல்லாதபடியால். அந்த மணல்தான் அவர்களை உயர்த்தியது. போன வருடம் கடற்கரைக் கரப்பந்தில் நாட்டிலேயே முதலாவதாக வந்த சோடி இவர்கள். மாமல்லபுரத்தில் நடக்கவிருந்த இளையோர் சர்வதேசப் போட்டிக்கு, இலங்கை என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு போக இவர்களுக்கு அழைப்பு வந்தது.

மூவரும் ஒரு விடியற்காலையில் சென்னையில் வந்திறங்கினோம். எங்களை ஏற்றிப்போக வான் ஒன்றோடு பாபு என்ற சாரதி நின்றிருந்தார். நாங்கள் மூன்று வசனம் கதைத்ததும் அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார்.

"கேரளாவா மேடம்?"

"இல்லை. இலங்கை."

"அட, நம்ம ஆளுங்க. மொதல்ல நாஸ்தா முடிச்சிடலாம், அப்பால போலாம்."

கேளம்பாக்கத்தில் ஒரு சின்னக் கடையில் நிறுத்தினார். இட்லி, பொங்கல், வடை. எல்லாவற்றின் மேலும் கேட்காமலே சாம்பாரை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் காலையில் புட்டுக்குச் சம்பல் இல்லாவிட்டால் யாழினி சாப்பிடமாட்டாள். இங்கே தேங்காய்ச் சட்னியைச் சம்பலாக நினைத்துக்கொண்டு மூன்று தரம் கேட்டு வாங்கினாள். பரிமாறியவர் நாலாம் தரம் வாளியையே மேசையில் வைத்துவிட்டுப் போனார். பால் இல்லாத தேநீர் கேட்டோம். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

கடையை விட்டு வெளிக்கிட்டு ஐந்து நிமிடத்தில் சந்தியின் நடுவில் வான் நின்றுவிட்டது. கிளச் வயர் அறுந்துபோயிற்று. "பேஜாரா பூட்ச்சு மேடம்" என்று பாபு தலையைச் சொறிந்தார். கணினிக் கம்பனிகளுக்குப் போகிறவர்களின் வாகனங்கள் பின்னால் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன. பாபுவே எங்கள் பைகளைத் தலையில் தூக்கிவந்து ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வலைப்பைக்குள் இருந்த ஆறு பந்துகளையும் பார்த்த நடத்துநர், "இதுக்கெல்லாம் அர டிக்கெட் போடட்டுமா?" என்று மதுசாவைக் கேட்டார். அவள் உண்மையென்று நம்பி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முழு பஸ்ஸும் சிரித்தது. அன்று காலை அந்த ஊரை எனக்குப் பிடித்திருந்தது.

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்களுக்குப் பின்னால் எங்களுக்கு அறை. கல் அரைக்கும் இயந்திரச் சத்தம் பகல் முழுக்கக் கேட்டது. ஜன்னலோரத்துச் செடிகளின் இலையெல்லாம் வெள்ளைத் தூசி. பின்னேரம் பயிற்சிக்குக் கடற்கரைக்குப் போனோம். எங்கள் மணலைவிட இது பருமன், கால் அதிகம் புதைந்தது. படகுகளுக்குப் பக்கத்தில் மீன் விற்ற ஒரு பெண்ணிடம் யாழினி, "அறக்குளா என்ன விலை?" என்று கேட்டாள். அவர் முழித்தார். அவள் மீனைத் தொட்டுக் காட்டினாள். "வஞ்சிரமா? அத்தப் போயி இன்னாமோ சொல்றியே" என்று அந்தப் பெண் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டினார். மதுசா தண்ணீரில் முழங்கால் வரை நின்று, "இது எங்கட கடலின்ர மற்றப் பக்கம் ரீச்சர்" என்றாள்.

இரண்டாம் நாள் காலை ஏழரைக்குப் போட்டி நடக்கும் இடத்துக்கு நடந்து போனோம். பிள்ளைகள் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு முப்பது பேர் கறுப்புக் கொடிகளோடு நின்றார்கள். ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி. எங்கள் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் கோஷம் கூடியது. "இனப்படுகொலை நாட்டு அணியே, திரும்பிப் போ."

ஒருவர் பிடித்திருந்த பதாகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: காணாமல் போனவர்கள் எங்கே?

யாழினி அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

யாழினியின் அப்பா, போர் முடிந்த அந்த வாரத்தில், பேர் பதிந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித் தானாகவே இராணுவத்திடம் போய் வரிசையில் நின்றவர். அவர் திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது. அவளுடைய அம்மா புவனம் அக்கா இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சந்தியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் போட்டிருக்கிற கொட்டகையில், அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பதாகையில் கேட்டிருந்த கேள்வி அந்த வீட்டுக் கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் பிள்ளையைத் திரும்பிப் போகச் சொன்னார்கள்.

நான் ஒலிவாங்கி வைத்திருந்தவரிடம் போனேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், குமரவேல் என்று பெயர். மறைமலைநகரில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை என்று பிறகு தெரிந்தது.

"அண்ணை, நாங்களும் தமிழர்தான். இந்தப் பிள்ளையள் முல்லைத்தீவு" என்றேன்.

அவர் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். குரலையும் இறக்கினார்.

"தெர்யும்மா. பேப்பர்ல பேர் பாத்தோம். உங்க மேல எங்களுக்குக் கோவமே கெடையாது. சட்டையில கீற பேர் மேலதான் கோவம். அத்த போட்டுக்கினு இங்க வெளையாட உட முடியாது."

"அப்ப நாங்கள் எந்தப் பேரில விளையாடுறது?"

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் கோஷத்தை விடவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பக்கத்து விடுதி வாசலில் இரண்டு வெள்ளைக்காரர் கோப்பி குடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். "ஏதோ இவர்களுக்குள் நடக்கும் சண்டை" என்று ஒருவர் மற்றவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. பிழையென்றும் சொல்லமுடியாது.

போட்டியின் செயலாளர் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. வெள்ளைச் சட்டை தருவதாகவும், நாட்டின் பெயர் இல்லாமல் 'நட்பு அணி' என்று போட்டு மறுநாள் விளையாடவிடலாம் என்றும் சொன்னார். நான் ஊருக்கு, விளையாட்டுத் திணைக்களத்தில் இருக்கிற எங்கள் மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்கவில்லை.

"பெயர் இல்லாமல் விளையாடினால் வந்து நீங்கள்தான் பதில் சொல்லவேணும் ரீச்சர். விளையாடாமல் வந்தாலும் பதில் சொல்லவேணும்."

பெயரோடு விளையாடினால் இவர்கள் விடமாட்டார்கள். பெயர் இல்லாமல் விளையாடினால் அவர்கள் விடமாட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் சண்டை பிடித்தது ஒரு துணித்துண்டின் மேல். அதற்குள் இருந்த இரண்டு பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பாதுகாப்புக்கென்று எங்களைச் செங்கல்பட்டில் வேறொரு அறைக்கு மாறச் சொன்னார்கள். வான் தர யாரும் முன்வரவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம். நீலச் சட்டைகளைப் பையின் அடியில் போட்டு அதன் மேல் துவாய்களை அடுக்கினேன், களவெடுத்த பொருளை ஒளிக்கிற மாதிரி. எதிரே இருந்த அம்மா ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், "எந்த ஊரும்மா நீங்க?"

மதுசா உடனே சொன்னாள், "கேரளா."

என் வாழ்க்கையில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் என் ஊரைச் சொல்லப் பயந்திருக்கிறேன். தமிழ்நாட்டு பஸ்ஸில், தமிழில் கேட்ட கேள்விக்கு, என் மாணவி ஊரை மாற்றிச் சொல்லுவாள் என்று நினைத்ததில்லை. வெளியே வயல்களும் செங்கற்சூளைகளும் போயின. எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், எங்கோ ஒரு வெளிநாட்டு மைதானத்தில் எங்கள் நாட்டு அணியை விளையாட விடாதே என்று தமிழர்கள் கொடி பிடித்த செய்தியைப் படித்துக் கை தட்டியிருக்கிறேன். யாராவது எங்களுக்காகக் கத்துகிறார்களே என்று அன்று அழுதும் இருக்கிறேன். விளையாட்டைப் புறக்கணிப்பது பிழையென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது என் வாசலுக்கு வந்தபோதுதான் விலாசம் பிழை என்று கத்துகிறேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் குமரவேல். அவருக்கு முன்னால் ஒரு பெண், கையில் ஹெல்மெற்றோடு. அவருடைய மனைவி எஸ்தர். அவர்தான் செயலாளரிடம் கேட்டு எங்கள் அறையைக் கண்டுபிடித்தாராம்.

"இந்த மனுசன் மத்தியானம் வந்து சொல்றாரு, முல்லைத்தீவு பொண்ணுங்கள தொரத்திட்டோம்னு. இன்னா மனுசன்யா நீன்னு கேட்டேன்" என்றார் எஸ்தர். "வூட்டுக்கு வாங்க. கொழம்பு வெச்சிட்டேன். சாப்ட்டு அப்பறம் இவர திட்டுங்க."

நான் மறுத்தேன். அவமானப்படுத்திவிட்டுச் சோறு போட வருகிறார்களே என்று கதவைச் சாத்தப் போனேன். ஆனால் யாழினி செருப்பைப் போட்டுவிட்டாள்.

"எனக்கு அவரிட்ட ஒண்டு கேக்கவேணும் ரீச்சர்" என்றாள்.

ஓர் ஆட்டோவில் மறைமலைநகருக்குப் போனோம். கம்பனி பஸ்கள் வேலை முடிந்தவர்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தன. அவர்கள் வீட்டில் இரண்டு அறை. முன்னறைச் சுவரில் யேசுநாதர் படம் ஒன்று, பக்கத்தில் குமரவேல் இளமையில் ஒரு பொலிஸ் வண்டிக்குள் இருந்து கையை உயர்த்துகிற படம் ஒன்று. போர் முடிகிற சமயத்தில் தெருவை மறித்துப் பதினைந்து நாள் சிறையில் இருந்தாராம். "அப்ப இவர வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க. ஒரு வருசம் என் சம்பளத்துலதான் வண்டி ஓடிச்சி" என்று எஸ்தர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

வஞ்சிரக் குழம்பு, நெத்திலி வறுவல், சோறு. குழம்பில் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் இல்லை, புளி அதிகம். மதுசா தலை நிமிராமல் சாப்பிட்டாள். யாழினி தொடவில்லை.

"மாமா, நான் ஒண்டு கேக்கலாமோ?" என்றாள். "இண்டைக்கு நீங்கள் எங்களை மறிச்சிட்டீங்கள். நாளைக்கு என்ர அப்பாவைப் பற்றி ஆரும் ஏதும் சொல்லுவினமோ?"

குமரவேலுக்கு அதுவரை அவளுடைய அப்பா விஷயம் தெரியாது. நான் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"சொல்ல மாட்டாங்கம்மா" என்றார். "எனக்குத் தெர்யும். ஆனா ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நிறவெறி இருந்தப்ப தென்னாப்பிரிக்காவ உலகமே ஒதுக்கி வெச்சிது. வெளையாடவே கூப்புடல. அது அவங்களுக்கு ஒறைச்சிதா இல்லியா? எல்லா நாடும் வந்து ஆடிட்டு, கை குலுக்கிட்டுப் போனா, எல்லாம் சரியாயிடுச்சினு உங்க அரசாங்கத்துக்காரன் சொல்லிட மாட்டானா? உங்கள நடுவுல நிக்க வெச்சி போட்டோ எடுத்து, பாரு, தமிழ்ப் பொண்ணுங்க சிரிக்கிறாங்கனு போட மாட்டானா?"

நாங்கள் புறப்பட்ட அன்று ஊரில் ஒரு சிறிய வழியனுப்பு விழா வைத்தார்கள். மேலதிகாரி பிள்ளைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்தார். "வடக்கில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும்" என்று ஒலிவாங்கியில் பேசினார். குமரவேல் சொன்னது நடந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன்.

"பாத்தீங்களா" என்றார் அவர்.

"பாத்தனான்" என்றேன். "ஆனா தென்னாப்பிரிக்காவில அடிபட்ட சனமே கேட்டது, இவையோட விளையாடாதேங்கோ எண்டு. அவை கேட்டபடியால்தான் மற்றவை செய்தவை. எங்களிட்ட ஆர் கேட்டது?"

அப்போது யாழினி சொன்னாள். குரலை உயர்த்தவேயில்லை.

"படம் எடுத்தவரும் என்ர சிரிப்பைக் கேக்காமத்தான் எடுத்தவர். நீங்களும் கேக்காமத்தான் மறிச்சனீங்கள்."

எஸ்தர் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "சும்மா இருக்க முடியலம்மா" என்றார் கடைசியில். "ஒன்னும் பண்ண முடியல, சும்மா இருக்கவும் முடியல." அது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அது இன்னும் கோபத்தைத்தான் தந்தது. அவர் சும்மா இருக்க முடியாததற்கு என் பிள்ளைகள் ஏன் சும்மா இருக்கவேண்டும்?

யாழினி அதன் பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். எஸ்தர் அவளுக்கு மீன் தலையைப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் குமரவேல் தன் தோழர்களோடு வாசலில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார். பாதிப்பேர் அவர் சொன்னதைக் கேட்டுக் கொடியைச் சுருட்டினார்கள். மீதிப்பேர் கேட்கவில்லை. "ஒரு நாள் ராத்திரியில வெல போயிட்டியா அண்ணாத்த?" என்று அவரைவிட இளையவர் ஒருவர் கேட்டார். குமரவேல் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார். அந்த நிமிடம் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. நேற்றே நின்றிருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போனால் செயலாளர் ஏற்கெனவே எங்கள் நாட்டின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டால் ஓர் ஆட்டம், இல்லாவிட்டால் வீடு. நேற்றைய ஆட்டம் போனதால் அதற்கு மேல் போக வழியில்லை. நான் ஊருக்கு மறுபடி போன் எடுக்கவில்லை. வருகிற கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று வெள்ளைச் சட்டைகளை வாங்கினேன்.

உடுப்பு மாற்றும் கூடாரத்துக்குள் யாழினி என் பையில் இருந்த கறுப்பு மை எழுதுகோலை எடுத்து, சட்டையின் முதுகில் எழுதினாள். அப்பாவின் பெயர், முழுப் பெயர். தகப்பன் பெயரோடு சேர்த்து, கொட்டகையில் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிற மாதிரியே.

கூடார வாசலில் செயலாளர் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"இது அரசியல் மேடம். உள்ள அரசியல் கூடாது."

"இது இவளின்ர அப்பாவின்ர பேர்" என்றேன்.

"யாரா இருந்தாலும் சரி மேடம். எனக்கு மேல ஆள் இருக்காங்க. விதி இருக்கு."

வாசலுக்கு வெளியே காணாமல் போனவர்கள் எங்கே என்று பதாகை. வாசலுக்கு உள்ளே, காணாமல் போன ஒருவரின் பெயருக்குத் தடை. நான் அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம்.

"அப்ப நான் விளையாடேல்ல" என்று யாழினி உட்கார்ந்துவிட்டாள்.

காலையிலிருந்து வாயே திறக்காத மதுசா அப்போதுதான் வெடித்தாள். "நீ விளையாடாட்டி நான் ஆரோட விளையாடுறது? தனியவோ? எனக்கும்தான் இது. அஞ்சு வருசம் விடிய நாலு மணிக்கு எழும்பினது நானும்தான். எல்லாரும் எனக்காக எண்டு சொல்லி என்னை மறிக்கினம். இப்ப நீயும் மறிக்கிறாய்."

யாழினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்தது. அவள் செய்தது நியாயமான புறக்கணிப்பு. அவளுக்கு மட்டும் அந்த உரிமை இருந்தது. அப்படி இருந்தும் அதன் விலையைப் பாதி கட்டவேண்டியவள் மதுசா. நான் எழுதுகோலை எடுத்து மூடிப் பையில் போட்டேன்.

வெளியே ஒலிபெருக்கியில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மதுசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "சட்டையைப் புரட்டிப் போடு. பேர் உள்பக்கம் இருக்கட்டும். அவருக்கும் தெரியாது, அப்பாவும் உன்னோட நிப்பார்."

யாழினி கூடாரத்துக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி, புரட்டி, தையல் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தாள். செயலாளர் பார்த்தார். பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பினார்.

எதிரணி நேபாளத்துப் பிள்ளைகள். அவர்களின் பயிற்சியாளர் என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், "உங்கள் பிள்ளைகள் ஏதாவது பிழை செய்துவிட்டார்களா?" இல்லை என்றேன். "அப்படியானால் ஏன் பெயர் இல்லை?" என்று கேட்டார். அதை விளங்கப்படுத்த அவருக்கும் நேரம் இல்லை, எனக்கும் இல்லை.

முதல் செற்றை இருபத்தொன்றுக்குப் பதினேழு என்று வென்றோம். மதுசா வலைக்கு மேல் எழும்பி அடித்த ஒவ்வோர் அடியும் யாரையோ அடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் செற் போனது. மூன்றாவதில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று வரை வந்தோம். பிறகு யாழினியின் ஒரு சேர்வ் வலையில் விழுந்தது, அடுத்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. தோற்றோம். சாக்குச் சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். வியர்வையில் மை ஊறி, யாழினியின் முதுகில் கறுப்பாகப் பரவியிருந்தது. யாரும் அதை வாசித்திருக்க முடியாது.

வேலிக்கு வெளியே எஸ்தர் மட்டும் கை தட்டிக்கொண்டு நின்றார். அன்றைய வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். குமரவேல் வாசலில் இன்னும் தோழர்களோடு தர்க்கம் செய்துகொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் விசாரணை நடந்தது. ஏன் நாட்டின் பெயர் இல்லாமல் விளையாடினீர்கள், யார் சொன்னது, வெளியே நின்றவர்களோடு என்ன தொடர்பு, அவர்கள் வீட்டில் ஏன் சாப்பிட்டீர்கள். கடைசிக் கேள்வி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பசித்தது, அதனால் சாப்பிட்டோம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு அணிகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக எனக்கு அனுமதி இல்லை. மதுசாவுக்கு வேறொரு பயிற்சியாளரோடு அடுத்த முகாமுக்கு இடம் கிடைத்தது. யாழினிக்குக் கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் குமரவேல் போன் எடுத்தார். எங்கள் நாட்டில் இருந்து ஆண்கள் அணி ஒன்று சென்னைக்கு வரப்போவதாகச் செய்தியாம். கூடவே அரசாங்கத்துப் பெரிய மனிதர்கள் சிலரும் வருகிறார்களாம். தோழர்கள் மறுபடி கொடி பிடிக்கக் கூப்பிடுகிறார்களாம்.

"இந்த வாட்டி கேட்டுட்டுப் பண்ணலாம்னு" என்றார். "நிக்கணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் ஏன் கேட்கிறார்? நான் யார்? போனைத் துண்டிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு சந்திக் கொட்டகைக்கு நடந்தேன். பதினொரு பெண்கள் இருந்தார்கள், வெயிலுக்குத் தலையில் துணி போட்டுக்கொண்டு. நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நிக்கச் சொல்லு. அவைக்கு நோகட்டும்" என்றார் ஒருவர்.

"என்னத்துக்கு? விளையாடுற பெடியள் என்ன செய்தவங்கள்? எங்கட புவனத்தின்ர பிள்ளைக்குச் செய்தது காணாதோ?" என்றார் மற்றவர்.

"பெடியளை விடட்டும். வாற பெரியாக்களுக்கு முன்னால நிக்கட்டும்."

"அங்க கத்தினா இங்க எங்களைத்தான் வந்து விசாரிப்பாங்கள்."

"விசாரிக்கட்டும். இனி என்ன கிடக்கு எடுக்க?"

அவர்கள் சண்டை பிடித்தார்கள். ஒருவர் அழுதார். ஒருவர் எழும்பிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அந்தக் கொட்டகையில் அழுகையும் மௌனமும் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு வாக்குவாதம் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் படம் எடுக்க வந்தார்கள், பேட்டி எடுக்க வந்தார்கள், வாக்குக் கேட்டு வந்தார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டு யாரும் வந்ததில்லை.

போனில் குமரவேல், "டீச்சர், ஷிப்டுக்கு நேரமாச்சி. நாளைக்குப் பேசட்டுமா?" என்றார்.

புவனம் அக்கா என் கையில் இருந்து போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி, நான் யாழினின்ர அம்மா. மூண்டு பேர்தான் முடிவாச் சொல்லியிருக்கினம். இன்னும் எட்டுப் பேர் கதைக்க இருக்கினம். போனை வையாதேங்கோ."